ஆலங்கரையில் ஆட்கள் இல்லை

நான்காம் மதகுக் கோபுரம். சாட்சிப் பதிவு.

ஆடி 9. காலை 6.00

ஆற்று மட்டம் நாலடி. கிழக்கு மதகு மூடியிருக்கிறது. மேற்கு மதகு மூடியிருக்கிறது. காவல் தூண்கள் இரண்டிலும் பச்சை விளக்கு. காற்று இல்லை. வானம் வெளுத்திருக்கிறது.

பதிவாளர்: வேம்பு. வயது பதினேழு.

புதிதாக இதைப் படிக்கப் போகிறவருக்காக ஆண்டுக்கு ஒருமுறை இடத்தைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. இன்று எழுதிவிடுகிறேன்.

கடல் ஏறிய பிறகு அரசு இந்தத் தாழ்ந்த நிலம் முழுவதையும் கரை போட்டுப் பாத்திகளாகப் பிரித்தது. ஒரு பாத்திக்குள் ஓர் ஊரும் அதன் வயல்களும் இருக்கும். ஆற்றில் பெருவெள்ளம் வந்தால் அது கீழே நகரத்துக்குப் போய்விடக் கூடாது. அதனால் ஒரு பாத்தி அதை வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த ஆண்டு எந்த ஊரின் முறை என்று முன்பே முடிவு செய்திருப்பார்கள். முறை வந்த ஊர்க்காரர்கள் மேட்டுக் கூடத்துக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் பெயர், ஊர், வயது பதித்த வில்லை இருக்கும், அதைக் காட்டினால்தான் கூடத்தின் கதவு திறக்கும். ஊரின் கடைசி வில்லையும் உள்ளே போன பிறகு அந்த ஊரின் மதகு திறக்கும். இதையெல்லாம் நடத்துவது தலைமையகத்தில் உள்ள இயந்திரம். அதற்கு நீளமான அரசாங்கப் பெயர் உண்டு. எல்லாரும் கணக்குப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள்.

வெள்ளக் காலத்தில் கரையில் ஏறுகிறவர்களைக் காவல் தூண்கள் சுடும். முன்பு ஓர் ஊர்க்காரர்கள் எதிர்க் கரையை வெட்டிவிடப் போய், இரண்டு ஊராரும் அரிவாளால் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு செத்தார்கள். அதற்குப் பிறகு வந்தவை தூண்கள். என் கையில் உள்ள, விளக்கு எரியும் பதிவாளர் வளையைப் பார்த்தால் மட்டும் அவை சுடாது.

கோபுரத்துக்குக் கிழக்கே ஆலங்கரை. மேற்கே நாணற்குடி. இந்த ஆண்டு ஆலங்கரையின் முறை. அது என் ஊர்.

இயந்திரம் சொல்வதோடு மனிதர் ஒருவரும் கண்ணால் பார்த்து எழுதவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதால் இந்த வேலை உண்டானது. யாரோடும் பேச வேண்டியதில்லை. வகுப்பில் பெயரைச் சொல்லி எழுப்பினாலே எனக்குக் கைகால் உதறும். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். இங்கே வயர்லெஸ் இருக்கிறது. அதில் இதுவரை நான் பேசியதில்லை. தலைமையகத்துக்குச் சொல்ல வேண்டியதைத் தட்டச்சு செய்து அனுப்புவேன்.

ஆடி 9. மாலை 4.30

ஆற்று மட்டம் ஐந்தடி. மேலே அணைகள் நிரம்பிவிட்டன. நாளை மதியம் வெள்ளம் இங்கே வரும். நாளைக் காலைக்குள் ஆலங்கரை காலியாக வேண்டும் என்று உத்தரவு.

ஆலங்கரையிலிருந்து வயர்லெஸ். என் அக்கா காந்திமதி.

“ஏண்டி வேம்பு, இருக்கியா? இருப்ப. பதில்தான் பேச மாட்ட. நாங்க கெளம்பல. செவ்வாக்கெழம கோயில்ல காப்பு கட்டியாச்சு. தீமிதி முடியற வரைக்கும் எல்லையத் தாண்டி ராத்தங்கக் கூடாதுல்ல. நாணற்குடிக்காரங்க நம்ம முறைய வாங்கிக்கிட்டாங்க. அடுத்த வருசம் அவங்களோடத நாம எடுத்துக்கறோம். வெத்தல மாத்தியாச்சு. அம்மா தீச்சட்டி எடுக்குது. உன்னைக் கேட்டுச்சு.”

வயலுக்குத் தண்ணீர் விடும் முறையை இரண்டு ஊர்களும் இப்படித்தான் மாற்றிக்கொள்ளும். கல்யாணம் என்றால் மாற்றுவார்கள், சாவு என்றால் மாற்றுவார்கள். வெள்ளத்தின் முறையையும் மாற்றலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை. நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன்.

ஆடி 10. காலை 8.10

ஆற்று மட்டம் ஏழடி. நாணற்குடியிலிருந்து மாடும் ஆடும் மூட்டையுமாக மேட்டுக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஊரில் ஓர் அடுப்பும் புகையவில்லை. ஆலங்கரையில் பறை கேட்கிறது.

தலைமையகத்திலிருந்து திரையில் வந்தது:

“ஆலங்கரை: ஆட்கள் இல்லை. நாணற்குடி: அனைவரும் ஊரில். கிழக்கு மதகு 11.00 மணிக்குத் திறக்கும்.”

தவறாகப் படித்துவிட்டேனோ என்று திரும்பப் படித்தேன்.

இப்போது புரிகிறது. கூடத்தின் கதவு இந்த ஆண்டு ஆலங்கரை வில்லைக்குத்தான் திறக்கும். அதனால் நாணற்குடிக்காரர்கள் தங்கள் வில்லைகளை வீட்டில் விட்டுவிட்டு, ஆலங்கரைக்காரர்களின் வில்லைகள் எல்லாவற்றையும் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள். அவர்களுக்கு அது கதவைத் திறக்கும் சாவி. கணக்குப்பிள்ளைக்கு அது ஆள்.

ஆடி 10. காலை 9.00

தலைமையகத்துக்கு அனுப்பினேன்: “ஆலங்கரையில் மக்கள் இருக்கிறார்கள். என் கண்ணால் பார்க்கிறேன். நாணற்குடி காலி. மேற்கு மதகைத் திறக்கவும்.”

பதில்: “ஆள் இருப்புக்குக் கண்சாட்சி ஏற்கப்படாது. வில்லை மட்டுமே சாட்சி.”

காரணம் எனக்குத் தெரியும். முன்பு சில ஊர்கள் முறையைத் தட்டிக்கழிக்க வைக்கோல் பொம்மைக்குச் சட்டை மாட்டி வாசலில் நிறுத்தின. வெப்பம் பார்க்கும் கேமராவை ஏமாற்ற அதற்குள் தணல் சட்டி வைத்தன. நகரத்துக்குள் தண்ணீர் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த விதி.

மேட்டுக் கூடத்திலிருந்து தலைமையகத்துக்குப் பேசுவது என் வயர்லெஸிலும் கேட்கிறது. பேசுகிறவர் பாக்கியம், நாணற்குடிப் பஞ்சாயத்துத் தலைவி. மறுபக்கம் கட்டுப்பாட்டு அறை அலுவலர் மாசிலாமணி. கேட்டபடி எழுதுகிறேன்.

“சார், கூடத்துல நிக்கறது நாணற்குடிக்காரங்க. தண்ணிய எங்க ஊருக்குத் தொறந்து விடுங்க.”

“உங்க வில்லையில ஆலங்கரை, செங்கமலம், வயசு அம்பத்தெட்டுன்னு இருக்கும்மா.”

“அம்பத்தெட்டு வயசுக்காரி மாதிரியா சார் பேசறேன்? ஒரு தடவ நேர்ல வந்து பாருங்க, நீங்களே வெக்கப்படுவீங்க.”

“எல்லாரும்தாம்மா கேக்கறாங்க. என் ஊருக்கு வேணாம், பக்கத்து ஊருக்கு விடுங்கன்னு.”

“நான் எங்க ஊருக்கு விடுங்கன்னு கேக்கறேன் சார்.”

“வில்லைப்படி அது உங்க ஊர் இல்லம்மா.”

மறுபடி சரிபார்க்க ஒரு நாள் ஆகும் என்றார் மாசிலாமணி. ஆறு ஒரு நாள் காத்திருக்காது என்றும் அவரே சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை.

செங்கமலம் என் அம்மா.

ஆடி 10. காலை 10.05

ஆற்று மட்டம் ஒன்பதடி. வயர்லெஸில் பேசினேன். என்ன பேசினேன் என்பதையும் பதிய வேண்டும்.

“நாலாம் கோபுரம். வேம்பு பேசறேன். ஆலங்கரையில ஆள் இருக்காங்க. எங்க அம்மா இருக்கு. தொறக்காதீங்க சார்.”

மாசிலாமணி: “யாரு பேசறது? நாலாம் கோபுரத்துப் பொண்ணு பேசவே பேசாதே.”

நான்தான் என்றேன். மறுபடியும் சொன்னேன். 

“இந்தக் குரலுக்கு எங்ககிட்ட பதிவே இல்ல. கோபுரத்துல யாரு ஏறியிருக்கீங்க? அந்தப் பொண்ண என்ன பண்ணீங்க?”

 வேலையில் சேரும்போது குரல் பதிய வரச் சொன்னார்கள். நான் போகவில்லை.

திரையில்: “நான்காம் கோபுரம் கைப்பற்றப்பட்டது. தூண்கள் சிவப்பு. வளை ரத்து செய்ய மேலிட ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டது.”

அக்காவுக்குப் பேசினேன். அங்கே பறைச் சத்தத்தில் யாரும் எடுக்கவில்லை. அபாயச் சங்கை ஊதினேன். கோயிலுக்குத் தண்ணீர் குடம் எடுத்துப் போன பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு நடந்தார்கள். தண்ணீர் நாணற்குடிக்குப் போகிறது, அதற்கான சங்கு என்று நினைத்திருப்பார்கள்.

ஆடி 10. காலை 11.00

கிழக்கு மதகு திறந்தது.

ஐந்து கதவுகளும் ஒரே நேரத்தில் ஏறின. கோபுரம் அதிர்ந்தது. தண்ணீர் பழுப்புச் சுவராக இறங்கி முதல் வரிசை வீடுகளை அடித்தது. ஓட்டு வீடுகள் மண் உருண்டை போலக் கரைந்தன. தென்னைகள் வேரோடு வந்து சுவர்களைக் குத்தின. கயிற்றில் கட்டியிருந்த மாடுகள் கயிற்றோடு மூழ்கின. வெயில் அடிக்கிறது. எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

பறை நின்றது.

ஆடி 10. காலை 11.35

மேடு என்று ஊரில் இரண்டுதான் உண்டு. கோயில் மண்டபம் ஒன்று. இந்தக் கரை மற்றொன்று. கரைதான் ஊரின் எல்லை. காப்பு கட்டியவர்கள் அடிவாரம் வரை ஓடிவந்து ஒரு கணம் நின்றார்கள். நின்றதை நான் பார்த்தேன். பிறகு தண்ணீர் இடுப்புக்கு வந்தது, ஏறினார்கள்.

கிழக்குத் தூண் சுட்டது.

எச்சரிக்கை எதுவும் இல்லை. மஞ்சள் துணியும் வேப்பிலையுமாக வந்தவர்கள் மேலே வந்த வரிசையிலேயே விழுந்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கு ஏன் விழுகிறார்கள் என்று தெரியவில்லை. விழுந்தவர்கள் மேல் ஏறி வந்தார்கள், அவர்களும் விழுந்தார்கள். பறையடிப்பவர் ஒருவர் பறையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வந்தார். தோல் கிழிந்தது. ஒரு பெண் குழந்தையைக் கரைக்கு மேலே வீசினாள், குழந்தையாவது அந்தப் பக்கம் போகட்டும் என்று. தூண் குழந்தையின் பக்கம் திரும்பியது.

இதற்கு மேல் அந்த வரியை எழுத முடியவில்லை.

திரையில்: “கரையில் ஊடுருவல். தடுக்கப்பட்டது.”

ஆடி 10. பகல் 12.40

வெளியே போய்விட்டு வந்திருக்கிறேன். 

கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிழக்குத் தூணிடம் போனேன். வளையைப் பார்த்து அது என்னைச் சுடவில்லை. அதன் கண்ணாடிக் கண்ணில் குத்தினேன். உடையவில்லை. கீழே உள்ள மூட்டில் குத்தினேன். மறுபடி மறுபடி குத்தினேன். நான் அலறிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. தூண் சாய்ந்து ஆற்றுக்குள் சுட்டபடியே விழுந்தது.

பின்னாலிருந்து யாரோ என் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தரையில் மோதினார்கள். காசி மாமா. எங்கள் தெருவில் டீக்கடை வைத்திருக்கும் காசிநாதன். துடுப்பால் முதுகில் அடித்தார். மதகைத் திறந்தது நான்தான் என்று நினைத்தார். அவர் பையனைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது என்று சொல்லிச் சொல்லி அடித்தார். கையை நீட்டித் தூணைக் காட்டினேன். கடப்பாரையையும் விழுந்து கிடந்த தூணையும் பார்த்த பிறகு துடுப்பை நிறுத்தினார்.

அவரிடம் மேற்கு மதகைக் காட்டினேன். அது இந்த ஆண்டு முறை இல்லாத மதகு. அதன் மோட்டாருக்கு மின்சாரம் கிடையாது, கைச்சக்கரம்தான். அதைத் திறந்தால் ஆறு அந்தப் பக்கம் சாயும். மட்டம் ஏழடிக்குக் கீழே போனால் கிழக்குக் கதவுகள் தானாக மூடிக்கொள்ளும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆனதோ. அவர் என்னை முந்திக்கொண்டு ஓடினார். நில்லுங்கள் என்று கத்தினேன். மேற்குத் தூணுக்கு அவர் யார் என்று தெரியாது.

சக்கரத்துக்குப் பத்தடி முன்னால் விழுந்தார். உடனே சாகவில்லை. என்னைப் பார்த்துப் போ போ என்று கையை அசைத்தார்.

கோபுரத்துக்கு வந்தது சக்கரத்தைக் கட்டியிருக்கும் சங்கிலியின் பூட்டுச்சாவி எடுக்க. மறுபடி போகிறேன்.

ஆடி 10. பகல் 12.50

போவதற்கு முன் இது வந்தது. பாக்கியம்.

“கோபுரத்துப் பாப்பா, கேக்குதா? கூடத்து மாடியில இருந்து எல்லாத்தையும் பாக்கறோம். எங்க ஊர்ல ஒரு உசுரு இல்ல. நாய முதற்கொண்டு புடிச்சிட்டு வந்துட்டோம். குறுவ பயிரு நிக்குது, அது போனாப் போவுது. வெத்தல மாத்துனது மாத்துனதுதான். தொறந்து விடு.”

பிறகு மாசிலாமணி: “மேற்கு மதகுல கை வைக்காதீங்க. அந்தப் பக்கம் ஒரு ஊரே இருக்கு. வச்சா வளைய அணைச்சிடுவாங்க. நான் சொல்றது கேக்குதா?”

கேட்டது.

ஆடி 10. பகல் 2.50

மேற்கு மதகு திறந்திருக்கிறது. திறந்தவர்: பதிவாளர்.

சக்கரத்தைப் பாதி சுற்றியபோது வளை அணைந்தது. விளக்கு போனதைப் பார்த்ததும் கீழே படுத்தேன். முதல் குண்டு இடது கையில், முழங்கைக்குக் கீழே. எலும்பு தெரிகிறது. கரையில் ஒளிய இடம் இல்லை. காசி மாமாவின் உடலை இழுத்து எனக்கும் தூணுக்கும் நடுவில் சக்கரத்தின் கம்பியோடு சாய்த்துவைத்தேன். அவர் இறந்துவிட்டார், பார்த்து உறுதி செய்துகொண்டுதான் செய்தேன். அவர் பின்னால் உட்கார்ந்து வலது கையால் சுற்றினேன். குண்டுகள் அவர் மேல் பட்டுக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் உடல் என் மேல் இடித்தது. மன்னித்துவிடுங்கள் மாமா என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கதவுகள் ஏறின. நாணற்குடி வயல்கள் பச்சையாக இருந்தன. பிறகு இல்லை.

ஆற்றுப் பக்கம் இறங்கித் தண்ணீருக்குள் கல்லைப் பிடித்துப் பிடித்துக் கோபுரத்துக்கு வந்தேன். கையைச் சேலைத் துணியால் கட்டியிருக்கிறேன்.

ஆடி 10. பகல் 3.20

ஆற்று மட்டம் ஏழடிக்குக் கீழே. கிழக்கு மதகு தானாக மூடியது.

அக்கா: “வேம்பு, எறங்குது. மண்டபத்துப் படி ஒண்ணு தெரியுது. அம்மா இருக்கு. சட்டிய மட்டும் இன்னும் கையிலேருந்து விடல. பாதிப் பேரு மேல இருக்கோம். மிச்சப் பேர எண்ண யாருக்கும் மனசு வரல. நீ உசுரோட இருந்தா ஒரு வார்த்த பேசுடி.”

“இருக்கேன்க்கா” என்றேன்.

 அவள் அழுவது கேட்டது. “கரைப் பக்கம் யாரையும் விடாத” என்றேன். “மேக்குத் தூண் இன்னும் நிக்குது.” சரி என்றாள். நான் சொல்லி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஆடி 10. மாலை 4.10

எல்லா அலைவரிசையிலும் அரசு அறிவிப்பு:

“நான்காம் மதகுக் கோபுரத்தைக் கைப்பற்றிய கும்பல் மேற்கு மதகைத் திறந்ததில் நாணற்குடி மூழ்கியது. ஊரில் இருந்த அனைவரும் உயிரிழந்தனர். ஆலங்கரையில் உயிர்ச்சேதம் இல்லை. ஆலங்கரை மக்கள் அனைவரும் மேட்டுக் கூடத்தில் நலமாக உள்ளனர். பதிவாளர் வேம்பு கும்பலால் கொல்லப்பட்டதாகக் கருதப்படுகிறது. கோபுரத்தை மீட்கச் சிறப்புப் படை புறப்பட்டது. உள்ளே இருப்பவர்களைக் கண்டதும் சுட உத்தரவு.”

பாக்கியம்: “நாங்க செத்துட்டோமாம் பாப்பா. ஒரு ஆளு பாக்கி இல்லாம. இங்க மொதல்ல ஒரே சிரிப்பு. பொன்னம்மா புருசன், என் கடன்லாம் தீந்துச்சுன்னான். அப்புறம் ஒருத்தி அழுதா. இப்ப எல்லாரும் அழுவுறோம். படைக்காரங்க படகு இந்தப் பக்கமாத்தான் போச்சு. கத்திப் பாத்தோம். நிறுத்தல.”

மாசிலாமணி, தனி அலைவரிசையில், குரலைத் தாழ்த்தி: “வேம்பு. அது நீதான்னா, உன் நியமன எண்ணச் சொல்லு.”

சொன்னேன்.

“சரியா இருக்கு” என்றார்.  “படகு கெளம்பிடுச்சும்மா. திருப்பற அதிகாரம் என்கிட்ட இல்ல.”

படகைத் திருப்பவும் வில்லைதான் வேண்டுமா என்று கேட்டேன். அலைவரிசையை மூடினார்.

ஆடி 10. மாலை 4.40

கீழே இறங்கினால் மேற்குத் தூண். ஆற்றில் இறங்க ஒரு கை போதாது.

இயந்திரம் சொன்னதோடு மனிதர் கண்ணால் பார்த்ததும் வேண்டும் என்று ஒரு நீதிமன்றம் சொன்னது. ஆகவே பார்த்ததை எழுதுகிறேன்.

ஆலங்கரை. காசிநாதன், டீக்கடை. கரையில் சுடப்பட்டு இறந்தார். பறையடிப்பவர், பெயர் மாரிமுத்து என்று நினைக்கிறேன். கரையில் சுடப்பட்டு இறந்தார். குழந்தை, பெயர் தெரியாது. தாய், பெயர் தெரியாது. கரையில் இன்னும் கிடப்பவர்கள் இங்கிருந்து பார்க்கும்போது அறுபதுக்கு மேல்.

நாணற்குடியில் என்னால் கொல்லப்பட்டதாக அரசு சொல்பவர்கள் எல்லாரும் வயர்லெஸில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பாக்கியம் அவர்களை வரிசையில் நிறுத்தியிருக்கிறார். ஒவ்வொருவராக வந்து பெயர் சொல்கிறார்கள். “எழுதிக்க பாப்பா, சத்தமா சொல்றோம்” என்கிறார்கள்.

பாக்கியம், உயிருடன். பொன்னம்மாள், உயிருடன். அவர் கணவர் குப்புசாமி, உயிருடன். அஞ்சம்மாள், உயிருடன், காது கேட்காது, மகள் சொன்னது. இளவழகன், உயிருடன். அவர் மனைவி தையல்நாயகி, உயிருடன். அவர்களின் கைக்குழந்தை, இன்னும் பெயர் வைக்கவில்லை, அழுவது கேட்கிறது, உயிருடன்.

படகின் எஞ்சின் நின்றுவிட்டது.

வேதநாயகம், உயிருடன். சரோஜினி, உயிருடன். மெதுவாகச் சொல்லுங்கள் என்றேன். பாக்கியம் வேகமாகச் சொல்லச் சொல்கிறார். ராமையன், உயிருடன். கண்ணாத்தாள், உயிருடன். படிக்கட்டில் பூட்ஸ். கதவைத் தட்டவில்லை. கோவிந்தம்மாள், உயிருடன். சந்திரகாசன், உயிருடன். கனகவ